குளோரினா, ஊற்றுத் தொட்டியா, குழாயா, கொப்பியா? காமாலைக்குப் பிறகு ஒரு டிவிசனின் தெரிவுகள்

தேயிலைத் தோட்டத்தின் ஒரு பிரிவான எங்கள் டிவிசனில் மஞ்சள் காமாலை அடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. கோயில் கமிட்டியும் இளைஞர் மன்றமும் சேர்த்து வைத்திருக்கும் பணம் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யப் போதும். இரண்டைத் தொட்டால் இரண்டும் அரைகுறையாகும். கடந்த இரண்டு கூட்டங்களிலும் நான்கு யோசனைகள் முன்வைக்கப்பட்டன. பிரதான தொட்டியில் குளோரின் சொட்டும் கருவி பொருத்துவது ஒன்று. மலைமேல் இருக்கும் ஊற்றுக்கண்ணைக் கட்டி மூடி, தண்ணீரைப் புதிய தொட்டியில் இறக்குவது இன்னொன்று. வீட்டுக்கு வீடு கொதித்தாறிய நீரைப் பழக்குவது மூன்றாவது. நோய் கண்டவர்களை வேலைக்கும் பள்ளிக்கும் அனுப்பாமல் நிறுத்திவைப்பது நான்காவது. எவரும் யோசனை என்றே மதிக்காத ஐந்தாவது ஒன்றையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்கிறேன். யார், எந்த லயத்தில் (வரிசை வீட்டில்), எந்த நாளில் நோயுற்றார் என்று எழுதிவைக்கும் ஒரு கொப்பிதான் அது.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், குறித்த கிலோ கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால்தான் தோட்டத்தில் ஒருவருக்கு அன்றைய 'பேர்', அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு, விழும். குறைந்தால் அரைப் பேர். கொழுந்துக்கு இவ்வளவு கறாராக நடக்கும் இந்தக் கணக்கு, காமாலை அடங்கியபோது நடக்கவில்லை. குளோரின் தூளைக் கொண்டுவந்தவர்கள் தங்களால்தான் அடங்கியது என்றார்கள். சுடுதண்ணீர் குடிக்கச் சொல்லி வீடுவீடாகப் போன மாதர் சங்கத்தார் தங்கள் உழைப்பைச் சொன்னார்கள். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்த ஆச்சிக்கும் அம்மனுக்குக் கூழ் ஊற்றியவர்களுக்கும் அவரவர் நியாயம் இருந்தது. யாருக்குப் பேர் போடுவது என்று தெரியாமலே, அடுத்த முறைக்கான பணத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்கப் போகிறோம்.

இந்தக் குழப்பத்தின் வேர் நோயின் நாட்கணக்கில் இருக்கிறது. ஷிகெல்லாக் கிருமியால் வரும் வயிற்றுளைவு ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் ஆளைப் படுக்கவைத்துவிடும். நெருப்புக் காய்ச்சல் (டைபாய்டு) பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். எங்களைப் பிடித்த ஹெபடைடிஸ் ஏ வகைக் காமாலையோ, கிருமி உடலுக்குள் போனதிலிருந்து 15 முதல் 50 நாட்கள், சராசரியாக 28 நாட்கள் மறைந்திருக்கும். தை மாதக் கடைசியில் கண் மஞ்சளித்தவர் குடித்த கெட்ட தண்ணீர், பதுளைப் பக்கத்து மார்கழி மழையில் வந்த தண்ணீர். அவருடைய மலத்தோடு கிருமி அதிகமாக வெளியேறுவதும் கண் மஞ்சளிப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரிவதில்லை என்பதால், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று, எவர் கண்ணிலும் படாமல் நோயைப் பரப்பிக்கொண்டிருக்கலாம். எனவே, தொட்டியில் குளோரின் இட்ட மறுநாளும் மறுவாரமும் புதிய நோயாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். "தூள் போட்டும் பிரயோசனம் இல்லை" என்ற பேச்சு எழும். நான்கைந்து வாரம் கழித்து எண்ணிக்கை இறங்கும்போது, அந்த வாரத்தில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்களோ அவர்களுக்குப் பேர் விழும்.

பொதுச் சுகாதாரத்தின் பிள்ளையார் சுழி என்று போற்றப்படும் நிகழ்ச்சியிலும் இதே சிக்கல் இருக்கிறது. 1854இல் இலண்டனின் புரோட் தெருவில் வாந்திபேதி (கொலரா) 616 பேரைக் கொன்றது. அங்கிருந்த பம்பின் கைப்பிடியை ஜோன் ஸ்னோ என்ற மருத்துவரின் சொற்படி செப்டெம்பர் 8 அன்று கழற்றியதால்தான் நோய் நின்றது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். கைப்பிடி கழன்றபோது மரணங்கள் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தன. வசதியுள்ளவர்கள் தெருவைக் காலிசெய்து ஓடியிருந்தார்கள். இதை ஸ்னோவே மறைக்காமல் எழுதியிருக்கிறார். இறந்தவர் எந்த வீட்டில் இருந்தார், எந்தப் பம்பில் தண்ணீர் எடுத்தார் என்று அவர் வீடுவீடாகக் கேட்டுத் திரட்டிய பட்டியல்தான் கைப்பிடியை விடப் பெரிய காரியம். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் எந்தப் பம்பைக் குற்றம் சொல்வது என்பதே தெரிந்திருக்காது.

இனி யோசனைகளுக்கு வருகிறேன். கூட்டத்தில் அதிகக் கைகள் உயர்ந்தது குளோரினுக்குத்தான், அது நியாயமும்கூட. பத்தாயிரம் லீற்றர் தண்ணீருக்கு, லீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் வீதம், 20 கிராம் குளோரின் போதும். மூன்றிலொரு பங்கு வீரியமுள்ள புதிய தூளில் அது 60 கிராம், ஏறக்குறைய பாதித் தேநீர்க் கோப்பை. கலந்து அரை மணி நேரம் கழித்தும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும், கடைசிக் குழாய் வாயிலும் குறைந்தது 0.2 இருக்க வேண்டும் என்பது பொது விதி. இதைவிட மலிவான காவல் எதுவும் கிடையாது.

ஆனால் எங்கள் தொட்டி நிரப்பி வைக்கும் தொட்டி அல்ல. ஊற்றுத் தண்ணீர் இரவும் பகலும் அதற்குள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு இட்ட தூள், லயங்கள் எழும்பித் தண்ணீர் பிடித்து முடிவதற்குள் கரைந்து போய்விடும். ஆகவே இடைவிடாமல் சொட்டும் கருவிதான் தேவை. கருவிக்கு ஒரு கை தேவை. மழைநாளில் கலங்கல் ஏறினால், குளோரின் கிருமியைத் தேடுவதற்கு முன் சேற்றிலேயே செலவழிந்துவிடும் என்பதால் அந்தக் கைக்கு அளக்கவும் தெரிய வேண்டும். பனி இறங்கும் ஊரில் வாய் திறந்து வைத்த தூள் மூட்டை சில மாதங்களில் வீரியம் இழந்து வெறும் சுண்ணாம்பாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பரவல் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு நானும் இரண்டு இளைஞர்களும் தொட்டிக்கு ஏறினோம். தகர மூடியின் மேல் இரண்டு கற்கள் இருந்தன. அவற்றை நகர்த்தினால், டர்பன்டைன் மரத்து இலைகள் மிதக்க, அடியில் விரல் கனத்துக்கு வண்டல். சிறிய கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து, குளோரின் இருந்தால் நிறம் காட்டும் வில்லை ஒன்றைப் போட்டார். இளஞ்சிவப்பு பளிச்சென்று ஏறியது. அங்கிருந்து இறங்கி, மேல் லயத்துப் பீலியில் (பொதுக் குழாயில்) பிடித்துப் பார்த்தோம். நிறம் சற்று வெளுத்திருந்தது, ஆனாலும் இருந்தது. பணிய (கீழ்) லயத்துப் பீலியில் வில்லை கரைந்தும் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. கொப்பியில் என்ன எழுதுவது என்று விழித்த பையனிடம் அவர் சொன்னார்: "தம்பி, நிறம் வரல்லன்னா வரல்லன்னு எழுதுங்க. தூள் போட்டோம்னு எழுதாதீங்க."

அந்தச் சொல்லின் கனம், கனடாவின் வோக்கர்ட்டன் நகரத்து விசாரணையைப் படித்தால் புரியும். ஏறக்குறைய ஐயாயிரம் பேர் வாழ்ந்த அந்தச் சிறு நகரத்தில், 2000ஆம் ஆண்டு மே மாதப் பெருமழை மாட்டெருவை ஆழமற்ற கிணறு ஒன்றுக்குள் கழுவி இறக்கியது. சுமார் 2,300 பேர் நோயுற்றனர். ஏழு பேர் இறந்தனர். குளோரின் கருவி அங்கே இல்லாமலில்லை. அதை இயக்கியவர்கள் போதிய அளவு இடாமல், அளக்காமலே கணக்குப் புத்தகத்தில் எண்களை எழுதி வந்திருந்தார்கள். ஆய்வுகூடம் கிருமியைக் கண்டபோது அந்த முடிவு தண்ணீர் விநியோகத்தின் பொறுப்பாளருக்கு மட்டும் போனது. சுகாதார அலுவலகம் விசாரித்தபோது தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அவர் பதில் சொன்னார். அலுவலகத்தை முதலில் உசுப்பியது, பக்கத்து ஊர் மருத்துவமனையில் இரத்தம் கலந்த வயிற்றோட்டத்தோடு வந்த பிள்ளைகளைப் பார்த்துச் சந்தேகித்த குழந்தை மருத்துவர் ஒருவர். செல்வமும் சட்டமும் உள்ள நாட்டில் இது நடந்தது என்றால், கூலியில்லாத தொண்டனை நம்பி ஒரு கருவியை மலைமேல் பொருத்துவதற்கு முன் நாங்கள் இரண்டு முறை யோசிப்பதில் தவறில்லை.

ஊற்றைக் கட்டும் யோசனைக்கு வேறு வகையான கவர்ச்சி உண்டு. அது நிற்கும் பொருள், பெயர்ப்பலகை வைக்கலாம், அரசியல்வாதி வந்து திறந்து வைக்கலாம். கேலியை விட்டுப் பார்த்தால், தடுப்பு என்ற வகையில் அதுதான் ஆழமானது. ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கொங்கிறீட் பெட்டி, பூட்டுள்ள மூடி, மேட்டுப் பக்கத்து மழைநீரை விலக்கும் ஒரு கான் (வடிகால்), முப்பது மீற்றருக்குள் மலகூடமோ மாட்டுப்பட்டியோ இல்லாத வேலி ஆகியவை ஒருமுறை ஒழுங்காக அமைந்துவிட்டால், தினமும் ஒருவரின் ஞாபகத்தை நம்பியிருக்கத் தேவையில்லை. மூலத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மலையிலேயே பழைய பாடம் இருக்கிறது. 1916இல் ரொக்கபெல்லர் நிறுவனத்தின் உதவியோடு மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பேதி மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. மலகூடம் கட்டித் தரத் தோட்ட நிருவாகங்கள் பல தயங்கியதால், வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தவர்களுக்குப் புழு மீண்டும் ஏறியது. ஒருமுறை வந்து போகும் படையால் ஆகாது, ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் ஊழியர்கள் வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, 1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு எழுந்தது. இன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை என்று நாம் அறிவது அதன் வாரிசு.

என்றாலும் ஊற்று யோசனைக்கு இரண்டு குறைகள் உண்டு. ஊற்று இருக்கும் நிலம் எங்களுடையதல்ல. தோட்டக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் மேலே ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டம் தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட இடங்கொடுக்காமல் இருந்து, 2018இல்தான் திருத்தம் பெற்றது. அதற்குப் பிறகும் தண்ணீருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் தோட்ட ஆபிசுக்குப் போனால் சபையையும், சபைக்குப் போனால் ஆபிசையும் கைகாட்டுகிறார்கள். இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ஊற்று சுத்தமாக இருந்து, வழியில் குழாய் கெட்டிருந்தால் கட்டிய பெட்டியால் என்ன பயன்?

கொதித்தாறிய நீரைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பரவல் நடக்கும் வாரங்களில் அதற்கு இணையான கருவி கிடையாது. குமிழியிட்டுக் கொதித்து ஒரு நிமிடம் நின்றால் போதும். மலையில் நீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆகவே பத்து நிமிடம் வைக்க வேண்டும் என்று ஒருவர் வாதிட்டார். 6,500 அடிக்கு மேற்பட்ட இடங்களுக்குத்தான் மூன்று நிமிடம் சொல்லப்பட்டிருக்கிறது, நுவரெலியா நகரமே அதற்குக் கீழே இருக்கிறது. ஆனால் ஆண்டு முழுவதும் இதைச் செய்யச் சொல்வது, விடியலில் பெரட்டுக்கு ஓடும் பெண்ணின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவது. விறகும் அவள்தான் பொறுக்க வேண்டும். நோய் வந்தால் "நீ கொதிக்க வைக்கவில்லை" என்ற பழியும் அவளுக்குத்தான் வரும்.

நிறுத்திவைக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. கண் மஞ்சளிக்கும் முன்பே பெருமளவு பரவிவிடும் நோயில், மஞ்சளித்தபின் ஆளை அடைத்து வைப்பதால் கிடைப்பது சொற்பம். 2020இல் கொரோனாவுக்காக நாடெங்கும் ஊரடங்கு இருந்தபோதும் தோட்டங்களில் கொழுந்து பறிப்பு நடந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறேழு பேர் படுக்கும் குடும்பத்திடம் தனித்திருங்கள் என்று சொல்லப்பட்டதையும் மறக்கவில்லை. இழக்கும் பேருக்கு ஈடு கொடுக்காத எந்தத் தனிமைப்படுத்தலும் நோயை மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கும். சமையல் செய்பவரும் பிள்ளைக் காம்பராவில் வேலைசெய்பவரும் நோயுற்றால் மட்டும், சம்பளத்தோடு சில நாட்கள் ஒதுங்கியிருக்க ஏற்பாடு செய்யலாம்.

எஞ்சியிருப்பது கொப்பி. சட்டப்படி பார்த்தால் அது ஏற்கெனவே இருக்கிறது. 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் வழியே, காமாலை என்று சந்தேகித்த உடனேயே, இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், வைத்தியர் நோயை அறிவிக்கும் எச் 544 படிவத்தைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். வைத்தியசாலை வாசலுக்கு வந்தவருக்குத்தான் இந்தச் சங்கிலி. எங்கள் டிவிசனில் முதலில் நோயுற்ற பலர் கீழ்க்காய்நெல்லியோடும் டிஸ்பென்சரி மாத்திரையோடும் நின்றுகொண்டார்கள். பரிசோதகர் முதன்முதலாக ஏறி வந்தபோது அவரிடம் இருந்தவை இரண்டு பெயர்கள் மட்டுமே. அவர் சோம்பலாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு எழுதிப்போட எங்களில் எவரும் இல்லை.

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிப்பா வைரஸ் நோய் பரவியபோது, ஒரே குடும்பத்தில் இரண்டாமவரும் அதே மாதிரி படுத்ததைக் கவனித்த வைத்தியர்கள் மாதிரிகளை உடனே மணிப்பால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கு எழுபதுக்கு மேல் கொல்லக்கூடிய நோய் இருபதுக்கும் குறைவான உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளோடு நின்றதற்கு, "இது இரண்டாவது ஆள்" என்று ஒருவர் கணக்கு வைத்திருந்ததும் ஒரு காரணம். கணக்கைக் கைவிட்டால் நடப்பதை நம் நாட்டு மலேரியா காட்டியிருக்கிறது. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகளே பதிவானதும் மருந்து தெளிப்பு நின்றது, தேடலும் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 2012 ஒக்டோபரில் கடைசி உள்ளூர் நோயாளியைக் கண்டு, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்ற பிறகும், வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவரின் இரத்தத்தைச் சோதிப்பதை மலேரியா ஒழிப்பு இயக்கம் விடாதிருப்பது அந்தப் பட்டறிவால்தான்.

இதை எழுதத் தொடங்கும்போது எனக்கும் ஊற்றுத் தொட்டியின் மேல்தான் சாய்வு இருந்தது. அதை மாற்றியது, காலம் கடந்து எழுதிய எங்கள் சொந்தக் கொப்பி. யார் எந்த வாரம் படுத்தார் என்று நான்கு மாதம் கழித்துக் கேட்டால் வீட்டுக்கு வீடு ஒரு பதில் வரும். ஆனால் தோட்டத்து வரவுப் பதிவான செக்ரோல் பொய் சொல்லாது. காய்ச்சலில் கிடந்தவருக்குப் பேர் விழுந்திருக்காது. பேர் விழாத நாட்களை அவரவர் சம்பளத் துண்டில் பார்த்து, பிள்ளைகளுக்குப் பாடசாலை வரவுப் பதிவைப் பார்த்து, லயம் லயமாக எழுதினோம். முதல் மூன்று வாரத்தில் நோயுற்ற பதின்மூன்று பேரில் பதினொருவர் பணிய லயங்கள் இரண்டில் இருந்தார்கள். ஊற்றும் தொட்டியும் எல்லா லயங்களுக்கும் ஒன்றுதான். ஊற்று கெட்டிருந்தால் மேல் லயங்களும் சேர்ந்து படுத்திருக்க வேண்டும். பணிய லயங்களுக்கு இறங்கும் குழாய், மலகூடக் குழிகளுக்குக் கீழே போகும் கானுக்குள்ளேயே ஒட்டுப்போட்டுக் கிடக்கிறது. தண்ணீர் நிற்கும் நேரத்தில் வெடிப்பு வழியே கானின் அழுக்கு நீரை உறிஞ்சும். வில்லை நிறம் மாறாததும் அதே பீலியில்தான். பிள்ளைக் காம்பராவும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, எனவே கைவழிப் பரவலும் கலந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஐயம் ஊற்றுத் தொட்டிக்குச் சாதகமாகாது.

ஆகவே என் முன்மொழிவு இது. பணத்தின் பெரும்பகுதி, பணிய லயத்துக் குழாயைக் கானிலிருந்து தூக்கி, மலகூடங்களுக்கு மேற்புறமாகப் புதிய வழியில் இறக்குவதற்கும், பிள்ளைக் காம்பராவில் சவர்க்காரத்தோடு கை கழுவ ஒரு தொட்டிக்கும் போகட்டும். தொட்டி மூடிக்குப் பூட்டும் வண்டல் வாரலும் சிரமதானத்தில் முடியும். குளோரின் கருவி இப்போது வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் தூளும் நிறம் பார்க்கும் பெட்டி ஒன்றும் இருந்து, இருவர் அளக்கப் பழகியிருந்தால் அவசரத்துக்கு அது போதும். ஓடையிலிருந்து தண்ணீர் எடுக்கும் டிவிசனுக்கு இந்த வரிசை பொருந்தாது. ஓடை நீரை வடிகட்டிக் குளோரின் இடாமல் குடிக்கக் கூடாது என்பதால் அங்கே கருவியும் கையும் முதலில் வர வேண்டும்.

கொப்பியை எழுத மாதம் ஒரு சிறு தொகை கொடுத்து ஒருவரை அமர்த்த வேண்டும் என்பதில்தான் கூட்டத்தில் சலசலப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். எழுதுவதற்குக் காசா என்று கேட்பார்கள். பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் இதைப் பேசிப் பார்த்தேன். நான் கோடு போட்டுக் கொண்டுபோன தாளில் முதல் நிரல் நோயாளியின் பெயர், இரண்டாவது லயம், மூன்றாவது நோய். அவர் அதைத் திருப்பி என்னிடமே தந்துவிட்டு, அன்று வராத பிள்ளையின் பெயருக்கு முதலில் ஒரு நிரல் போட்டுக் கொண்டு வரச் சொன்னார். காரணத்தை மத்தியானம் தாயைக் கேட்டு எழுதிக்கொள்வாராம்.